கதவுச் சத்தம் என்று நினைத்தேன்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறப்பதற்கு ஒரு பக்குவம் இருந்தது. உள்ளே இருக்கிறவர் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு விரற்கடை மேலே தூக்க வேண்டும். தூக்கிப் பிடித்தபடியே வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாழ்ப்பாளை இரண்டு குத்து குத்த வேண்டும். மழைக்காலம் என்றால் நாலு குத்து. தாழ்ப்பாள் பின்னால் நகர்ந்ததும் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. டப்பென்று திறக்கும். பத்துப் பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் காலையில் கேட்கிற முதல் சத்தம் அதுதான். எதிர்வீட்டு லாரி டிரைவர் தம்பி, “அண்ணாச்சி எந்திரிச்சாச்சுன்னு கதவு சொல்லிட்டு” என்று கேலி செய்வார்.

கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. கீல் துருவேறி, கதவு ஒரு பக்கமாகத் தொங்கிப்போய், அடியில் அடித்திருந்த தகரம் தரையை உரச ஆரம்பித்திருந்தது. இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் வைத்திருப்பது ஹார்டுவேர் கடை. மாப்பிள்ளையூரணி போகிற ரோட்டில் சின்னக் கடை. கீல், தாழ்ப்பாள், கொண்டி, திருகாணி எல்லாம் என் கையால் எடுத்துக் கொடுத்து எத்தனையோ வீட்டுக் கதவுகள் சரியாகியிருக்கின்றன. துருப்பிடிக்காத எவர்சில்வர் கீல்தான் நம்ம ஊருக்கு லாயக்கு என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வேன். என் வீட்டில் மட்டும் தூக்கிப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தோம்.

அது ஒரு குறையாகவே எங்களுக்குப் படவில்லை. இதேபோல இன்னும் பல இருந்தன. ஹால் ஃபேன் ஓட வேண்டுமென்றால் சுவிட்சைப் போட்டுவிட்டு ரெகுலேட்டர் தலையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். கொடியில் காய்கிற வேட்டியில் துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிற கரித்தூள் படிந்திருக்கும், எடுத்து இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் இடுப்பில் கட்டுவோம். பைபாஸில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது நாங்கள் பேச்சைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, லாரி போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவோம். அப்படி நிறுத்துகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மருமகள் வந்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த இரண்டாம் நாள் அவள் என் மனைவியிடம், “ஏன் அத்தை எல்லாரும் திடீர் திடீர்னு பேச்சை நிப்பாட்டுதீங்க?” என்று கேட்டாளாம். என் மனைவி அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மருமகளுக்குக் கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். கரிசல் காட்டு ஊர். அங்கே வீட்டுக் கதவுகள் தூக்காமலே திறக்குமோ என்னவோ. வந்த முதல் வாரமே குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு அத்தை அத்தை என்று கூப்பிட்டாள். என் மனைவி போய் வெளியே நின்று, இப்படித் தூக்கு, இங்கன குத்து என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. நானும் மகனும் ஹாலில் இருந்தோம், என் மனைவி கதவருகே நின்றாள். மூன்று பேரும் சிரித்தோம். “எங்களுக்கெல்லாம் பழகிட்டு. ஒனக்கும் பழகிரும்” என்றாள் என் மனைவி. கேலியாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். அவளும் லேசாகச் சிரித்தாள்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கண்டெய்னர் யார்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். அப்பா கடையிலேயே எல்லாம் இருக்கு, அப்பாட்ட சொல்லு என்றிருக்கிறான். அவள் என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். இந்தச் சுற்று வழி ஏன் என்றால், எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் நின்று பேசுவது குறைவு. இப்போது பல வீடுகளில் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் மாறவில்லை. மரியாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். காப்பி வேண்டுமென்றால்கூட மனைவியைப் பார்த்து, “அவட்ட காப்பி போடச் சொல்லேன்” என்பேன். அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். வெளியே கிளம்பும்போது ஒரு செருமல் செருமிவிட்டு கேட்டைச் சாத்துவேன். அதுதான் போய்விட்டு வருகிறேன் என்பதற்கு அடையாளம்.

சொன்னதும் நான் கடையிலிருந்து நல்ல கீல் இரண்டும் புதுத் தாழ்ப்பாளும் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து பீரோ மேலே வைத்தேன். ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஆடி மாசம், ஆவணி பிறக்கட்டும் என்றேன். ஆவணியில் கடையில் ஆள் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மரம் உப்பியிருக்கும்போது இழைக்கக் கூடாது என்றேன். மார்கழியில் வீட்டு வேலை எதுவும் தொடங்குவதில்லை. தை மாசம் மருமகள் உண்டாகியிருப்பது தெரிந்தது. அதோடு எல்லாம் நின்றுவிட்டது. சூலி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, மரம் அறுக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது என்பது நாங்கள் தலைமுறையாகப் பார்க்கிற பழக்கம். வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பார்கள். நானும் முழு மனசோடு நம்புகிறவன். பேறு கழியட்டும், முதல் வேலை அதுதான் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தப் பொதி பீரோ மேலேயே இருந்தது.

அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை. சுகப்பிரசவத்துக்காக நான் செவ்வாய்தோறும் விரதம் இருந்துவந்தேன். காலையில் பூஜை முடித்துத்தான் கடைக்குப் போவேன். அன்று என் மனைவி விடியக்காலமே எழுந்து, தெருக்காரப் பெண் ஒருத்தியோடு திருச்செந்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள். மருமகள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்ய. மகன் ஷிப்டுக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் மருமகளும்தான்.

நான் பூஜை அறையில் உட்கார்ந்து விளக்கேற்றி, மகன் வாங்கித் தந்த சின்ன ஸ்பீக்கரில் பக்திப் பாட்டைப் போட்டேன். முருகன் படத்துக்குச் செவ்வரளி மாலை. அந்த வாசனை, சாம்பிராணி, பாட்டு எல்லாம் சேர்ந்து மனசு நன்றாகப் படிந்திருந்தது. அவளுக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் பாத்துக்கோ அப்பனே என்று அவளுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டப், டப்.

நான் கையை நீட்டி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன். காது கொடுத்தேன். மறுபடியும் டப், டப், டப். கதவுதான் என்று நினைத்தேன். குளிக்கப் போயிருக்கிறாள், திறக்கிறாள், அவ்வளவுதான். சத்தத்தைப் பழையபடி கூட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். பிறகும் அது கேட்டதா என்றால், கேட்டது. எத்தனை தடவை என்று சொல்லத் தெரியவில்லை. பைபாஸ் லாரி மாதிரி அது என் காதில் விழுந்து வெளியே போய்விட்டது.

பூஜை முடித்து, விபூதி பூசி, ஹாலில் நின்று ஒரு செருமல் செருமினேன். கேட்டைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன். அப்போது மணி ஒன்பதரைக்கு மேல்.

அவள் உள்ளே இருந்து தாழ்ப்பாளைக் குத்தியிருக்கிறாள். வயிற்றோடு கதவைத் தூக்க முடியவில்லை. ஓங்கிக் குத்தும்போது ஈரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் நல்ல அடி. அதன் பிறகு கையால் தட்டித்தான் பார்த்திருக்கிறாள். வாய்விட்டு ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். வீட்டில் இருப்பது மாமனார். குளித்த கோலத்தில் இருக்கிறாள். எந்த வாயால் கூப்பிடுவாள்? இரண்டு வருடமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசாத மனுசனை அந்த நிலைமையில் எப்படிக் கூப்பிடுவது? நான் செருமிவிட்டுப் போன பிறகு சத்தம் போட்டிருக்கிறாள். தெருவில் யார் காதிலும் விழவில்லை. லாரிச் சத்தத்தில் எங்கே விழும்?

என் மனைவி பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. குளியலறைக்குள்ளிருந்து முனகல் கேட்டுப் பதறிப்போய், எதிர்வீட்டு டிரைவர் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் கடப்பாரையால் நெம்பிக் கதவைப் பெயர்த்தார். என் மனைவி தன் சேலையைக் கொண்டு அவளைப் போர்த்தித் தூக்கினாள். கடைக்கு போன் வந்தபோது நான் ஒருத்தருக்குத் தாழ்ப்பாள்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது, பிரசவம் வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் கயத்தாற்றிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்துவிட்டார்கள். வராந்தாவில் வைத்து சம்பந்தி என்னிடம் கோபமில்லாமல்தான் கேட்டார். “அண்ணாச்சி, நீங்க வீட்டுலதான இருந்தீங்க?”

“இருந்தேன். பாட்டு ஓடிட்டிருந்து. ஒண்ணும் கேக்கலை” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஒருமுறை சொன்ன பிறகு அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது. மகனிடமும் அதையே சொன்னேன். மனைவி கேட்கவே இல்லை. அவரு பூஜையில உக்காந்தா ஒலகமே தெரியாது என்று அவளே எல்லாருக்கும் சொன்னாள்.

மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கயத்தாற்றுக்குப் போனாள். ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் செய்யவிருந்த வளைகாப்பை அவர்கள் வீட்டிலேயே, அவளைப் படுக்கையில் சாய்த்து வைத்து எளிமையாக முடித்தார்கள். சூலி வீட்டில் இல்லாததால் ஆணி அடிக்கத் தடை ஒன்றும் இல்லை. அவள் கயத்தாற்றுக்குப் போன மறுநாளே ஆசாரி வந்து புதுப் பிளாஸ்டிக் கதவு மாட்டிவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேர வேலை. ஒற்றை விரலால் தள்ளினால் திறந்தது.

அதன் பிறகு வீட்டில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதை எனக்குத் தாங்க முடியவில்லை. காலையில் டப் இல்லை. அந்த இடத்தில் மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்தது. ரெகுலேட்டரைத் தட்டுகிற சத்தம், மோட்டார் போடும்போது குழாய் அதிர்வது, என் மனைவி குனிந்து நிமிரும்போதெல்லாம் விடுகிற சின்ன மூச்சு. அவளுக்கு முதுகு வலி எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டேன். நம்ம மவனுக்குப் பால்குடி மறக்கடிச்ச நாளிலேர்ந்து இருக்கு என்றாள். அவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்புதான். யாராவது வந்து, கதவு ரொம்ப நாளா மக்கர் பண்ணுது அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்குச் சிரிப்பு வராது. இன்னைக்கே மாட்டிருங்க என்பேன். மனுசன் பயந்துபோய் என்னைப் பார்ப்பான்.

பெண் குழந்தை பிறந்தது. குறை ஒன்றும் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்துத் தொட்டில் போட்டு வந்தோம். மூன்றாம் மாதம் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. மூன்றாம் மாதம் கேட்டால் பிள்ளைக்குச் சளி என்றார்கள். நாலாம் மாதம் கேட்டால் நாள் சரியில்லை என்றார்கள். மகன் வாரம் ஒருமுறை போய்வந்தான். வரும்போது முகம் செத்துப்போய் வருவான். அவ வரமாட்டேங்கா, காரணம் கேட்டாலும் சொல்லமாட்டேங்கா என்று அவன் அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தனியாகவே கயத்தாற்றுக்குப் போனாள். போன இடத்தில் சம்பந்தியம்மா, எங்க பிள்ளை மூணு மணி நேரம் கெடந்தாளே, வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தும் கேட்க நாதியில்லையே என்று ஒரு வார்த்தை விட்டிருக்கிறாள். என் மனைவி பதிலுக்கு நன்றாகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். வந்து செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் சொன்னாள். “நானும் விட்டுக்குடுக்கலை. முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன், எங்க வீட்டுக்காரருக்குக் கேக்கவே இல்லை, கேட்டிருந்தா உசிரக் குடுத்துக் காப்பாத்திருப்பாருன்னு சொன்னேன். அதுக்குப் பெறவு அவ வாயத் தொறக்கலை.”

எனக்காகப் பேசிவிட்டு வந்த பெருமை அவள் முகத்தில் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அன்றிலிருந்து என்னால் பூஜை அறையில் உட்கார முடியவில்லை. சத்தியம் என்பது எங்கள் வீட்டில் சும்மா சொல்கிற வார்த்தை இல்லை. அவள் என்னை நம்பி, சாமியைச் சாட்சிக்கு இழுத்து, பொய்ச் சத்தியம் செய்துவிட்டாள். பொய் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பாவம் அவள் கணக்கில் போகுமா, என் கணக்கிலா? விளக்கேற்றிவிட்டு, படத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவேன்.

அடுத்த செவ்வாய் திருச்செந்தூர் போனேன். கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, வரிசையில் நின்றேன். சந்நிதியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லவும் செய்தேன். கேட்டது அப்பா, கேட்டும் எழுந்திரிக்கலை என்று மனசுக்குள் சொன்னேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்து நகர்ந்து என்றார்கள், இலை விபூதி கையில் விழுந்தது, வெளியே வந்துவிட்டேன். கடற்கரை மணலில் உட்கார்ந்து பார்த்தால் மனசில் ஒரு பாரமும் இறங்கவில்லை. சாமியிடம் சொல்வது எனக்கு லேசாகத்தான் இருந்தது. அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. சொல்ல வேண்டிய ஆள் கயத்தாற்றில் இருந்தாள்.

மறுநாள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் போன நேரம் சம்பந்தி மக்காச்சோளக் காட்டுக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா வாங்க என்றாள், அதற்கு மேல் பேசவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசணும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மருமகள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கதவோரம் நின்றாள். உட்காரு தாயி என்றேன். தாயி என்று நான் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் உட்காரவில்லை. எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சரக்கு எடுக்க வந்தேன் என்று ஒரு பொய்யைத் தொடங்கி, அதைப் பாதியில் விட்டேன்.

“அன்னைக்கு நீ தட்டுனது எனக்குக் கேட்டுது தாயி. கேக்கலைன்னு சொன்னது பொய்யி.”

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“தெரியும் மாமா. நான் மொதல்ல தட்டுனதும் நீங்க பாட்டு சத்தத்தக் கொறைச்சீங்க. மாமாவுக்குக் கேட்டுட்டு, வந்துருவாங்கன்னு நெனச்சு நான் இன்னும் மூணு தடவை தட்டினேன். நீங்க சத்தத்தக் கூட்டிட்டீங்க.”

என் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அவள் உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் குறைவதையும் கூடுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை மாதமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் மட்டும்தான் கேட்கிறவன் என்று நினைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குத் தெரியும். என் பொய்யைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். தன் அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பந்தியம்மா அன்று என் மனைவியிடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

கதவுச் சத்தம்னு நெனச்சுட்டேன் என்றேன்.

“அதுவும் தெரியும் மாமா. கதவுன்னுதான் நெனச்சிருப்பீங்கன்னு எனக்கு அங்கன வச்சே புரிஞ்சுட்டு. நீங்க கெட்டவங்கன்னு நான் நெனைக்கலை. எனக்கு அதாம் பயமா இருக்கு. அந்த வீட்டுல ரெண்டு வருசம் இருந்ததுல நானும் லாரி வந்தா பேச்ச நிப்பாட்ட ஆரம்பிச்சிட்டேன். இவ ஒரு நாள் தட்டுனா எனக்கும் கேக்காமப் போயிருமோன்னு இருக்கு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் கேட்டாள். “அத்தைட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“அத்தை இங்க வந்து சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் போனாங்க. நான் உள்ள இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவங்களுக்குத் தெரியாம நான் அந்த வீட்டுல வந்து எப்படி மாமா இருக்க முடியும்? அவங்க மொகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோணும். நீங்க மொதல்ல அங்க சொல்லுங்க. அவங்களுக்கும் உங்க மவனுக்கும். பெறவு நான் வாரதப் பத்திப் பேசுவோம்.”

வாரேன் என்று அவள் சொல்லவில்லை. பேசுவோம் என்றுதான் சொன்னாள். பேத்தியை என்னிடம் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது பழக்கத்தில் செருமல் வந்தது. அதை விழுங்கிவிட்டு, போய்ட்டு வாரேன் தாயி என்றேன். சரி மாமா என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நாலைந்து விதமாகக் கோத்துப் பார்த்தேன். பூஜையை நடுவில் நிறுத்தினால் தோஷம் என்று பயந்தேன் என்று சொல்லலாமா? அது உண்மை இல்லை. வயசாகிவிட்டது, காது மந்தம் என்று சொல்லலாமா? அதுவும் இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது அவள் அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கோத்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. ஏளா, அடுப்ப அணைச்சிட்டு இங்கன வா என்றேன். நான் அப்படிக் கூப்பிட்டதிலேயே அவளுக்கு ஏதோ பட்டுவிட்டது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். சத்தத்தைக் குறைத்ததையும் கூட்டினதையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

“அப்போ நான் அங்க போயி பேசுன பேச்செல்லாம்?” என்று கேட்டாள்.



அவள் எழுந்து பூஜை அறை வாசல் வரை போனாள். உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் பொய்க்கு அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நின்று பார்த்தேன். எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த தண்டனை அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மகன் வந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான். கேட்டுவிட்டு, “இத நீங்க அன்னைக்கே சொல்லிருந்தா நான் அவகிட்ட ரெண்டு மாசமா சண்ட போட்டிருக்க மாட்டேன்லா” என்றான். இந்த இரண்டு மாதமும் அவன் வாரா வாரம் கயத்தாற்றுக்குப் போனது சண்டை போடத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். காரணமில்லாமல் அடம்பிடிக்கிறாள் என்று அவளைப் பேசியிருக்கிறான். அவள் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் என் மனைவி குளித்து, நல்ல சேலை கட்டி, கயத்தாற்றுக்குக் கிளம்பினாள். நானும் வாரேன் என்றேன். வேண்டாம் என்றாள். சம்பந்தியம்மாவிடம் என்ன சொன்னாள், காலில் விழுந்தாளா, மருமகளிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பொழுது சாய வந்தாள். வர்ற முகூர்த்த நாளில் மருமகளும் பேத்தியும் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். மகனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னபடி வந்தார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். மருமகள் இப்போது என்னிடம் நேராகவே பேசுகிறாள். மாமா, சாம்பிராணிப் புகை பிள்ளைக்கு ஆகலை, கொஞ்சம் தள்ளி வச்சுப் போடுங்க என்கிறாள். சில நேரம் அவள் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது, இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டு தள்ளி வைக்கிறேன். மகன் என்னிடம் சாப்பிட்டாச்சா, கடை அடைச்சாச்சா என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

ஒரு நாள் மத்தியானம் மனைவி தனியாக இருந்தபோது, அன்றைக்குக் கயத்தாற்றில் என்ன சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினாய் என்று கேட்டுவிட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதச் சொல்லமாட்டேன். அதயும் கேட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்காதீங்க” என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.